லுபாங் தீவின் நெல்

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். சென்ற வாரம் பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடம். பிள்ளைகளுக்குச் சுவையாக இருக்கட்டுமே என்று ஹிரோ ஓனோடாவின் கதையைச் சொன்னேன். போர் முடிந்ததை நம்பாமல் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக் காட்டில் 29 ஆண்டுகள் துப்பாக்கியைக் கீழே வைக்காமல் இருந்த ஜப்பானிய அதிகாரி. வகுப்பே கைதட்டியது. கடைசி வரிசையில் ஒரு மாணவி மட்டும் எழுந்து, “சண்டைதான் முடிஞ்சுபோச்சே சார், அத்தனை வருஷமும் அவர் யாரைச் சுட்டார்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நல்ல வேளை, மணி அடித்துவிட்டது.

போருக்குப் போகிறவனுக்கு ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு தையல் போட்டு இடுப்புத்துணி கொடுப்பார்கள் என்றும் படித்தேன். நாட்டுக்காக எதையும் தரும் அந்த அர்ப்பணிப்பு நம் பிள்ளைகளிடம் ஏன் இல்லை? அதை எப்படி ஊட்டுவது?

ஓர் ஆசிரியர், தேனி மாவட்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்வியைவிட அந்தப் பெண்ணின் கேள்வி நல்ல கேள்வி. அதனால் அவளுக்கே முதலில் பதில் சொல்கிறேன். ஓனோடா சுட்டது லுபாங் தீவின் விவசாயிகளை. அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து சுமார் 30 பேரைக் கொன்றார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மாடு மேய்க்க வந்தவனும் வயலுக்குப் போனவனும் அவர்கள் கண்ணுக்கு எதிரியின் ஒற்றர்கள்.

அவர்கள் தொடக்கத்தில் நாலு பேர். ஒருவர் 1949ல் கூட்டத்தைவிட்டு நழுவி அடுத்த ஆண்டு சரணடைந்தார். இன்னொருவர் 1954ல் சுடப்பட்டு இறந்தார். மிஞ்சிய இருவரில் கொசுகா இறந்தது 1972 அக்டோபரில். எப்படி என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் அறுத்து வைத்திருந்த நெல்லுக்குத் தீ வைக்கப் போன இடத்தில் உள்ளூர்ப் போலீஸ் சுட்டது. நெல்லைக் கொளுத்துவது அவர்கள் வழக்கமாகச் செய்துவந்த காரியம். தாங்கள் இன்னும் களத்தில் இருக்கிறோம் என்று, எப்போதோ திரும்பி வரப்போகும் ஜப்பானியப் படைக்குப் புகையால் செய்தி சொல்கிறார்களாம். போர் முடிந்து 27 ஆண்டு ஆகிவிட்டது. அறுவடை முடித்து அன்றைக்குக் களத்தில் நின்ற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் மாணவர்களில் பாதிப் பேருக்காவது களத்துமேடு என்றால் என்னவென்று தெரியும். இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்களா?

ஓனோடாவைக் கொலைகாரர் என்று சொல்லிவிட்டுப் போவது என் நோக்கமில்லை. அவர் உளவுப் பயிற்சி பெற்றவர். 1944 டிசம்பரில் லுபாங்குக்கு அனுப்பியபோது அவருக்குக் கொடுத்த கட்டளையே விசித்திரமானது: எந்த நிலையிலும் தற்கொலை செய்துகொள்ளக் கூடாது, எத்தனை ஆண்டானாலும் நாங்கள் திரும்பி வருவோம். விமானத்திலிருந்து போர் முடிந்த அறிவிப்பைப் போட்டார்கள், எதிரியின் சூழ்ச்சி என்றார். வீட்டாரின் கடிதமும் படமும் போட்டார்கள், அதுவும் சூழ்ச்சி. சொந்த அண்ணனே வந்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது, யாரோ அண்ணன் குரலில் பேசுகிறான் என்று முடிவு செய்தார். கடைசியில் 1974 மார்ச்சில் அவருடைய பழைய மேலதிகாரி தனிகுச்சி நேரில் வந்து கட்டளையை ரத்து செய்து படித்துக் காட்டிய பிறகுதான் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்தார். தனிகுச்சி அப்போது புத்தக வியாபாரி. ராணுவத்தை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் மன்னிப்பு வழங்கினார். லுபாங்கின் விதவைகளைக் கேட்டுவிட்டா வழங்கினார் என்று கேட்காதீர்கள்.

அர்ப்பணிப்பு என்று நீங்கள் சொல்வதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு ஊட்டப்பட்டது? ‘எப்படி ஊட்டுவது’ என்று கேட்கிறீர்களே, ஜப்பான் அதை எப்படி ஊட்டியது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1941 ஜனவரியில் அன்றைய போர் அமைச்சர் தோஜோவின் பெயரில் படையினருக்கு ஒரு நடத்தைக் கையேடு வந்தது. உயிரோடு சிறைப்பட்டு அவமானத்தைச் சுமக்காதே என்பது அதில் ஒரு வரி. இந்த ஒரு வரி எத்தனை உயிரை விழுங்கியது! ஜப்பானின் தென்கோடியில் உள்ள ஒகினாவாவில் சிப்பாய்கள் மட்டுமில்லை, 1945 மார்ச்சில் தொகாஷிகி, ஸமாமி தீவுகளின் சாதாரணக் குடும்பங்கள்கூடக் கையெறிகுண்டைச் சுற்றி உட்கார்ந்து செத்தார்கள். இதே தோஜோ அந்தச் செப்டம்பரில் தன்னைக் கைது செய்ய வந்தபோது நெஞ்சில் சுட்டுக்கொண்டார். உயிர் போகவில்லை. அமெரிக்க மருத்துவர்கள் பிழைக்க வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்துத் தூக்கு.

அந்த வரி ஒரு மனிதனுக்குள் எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஷோய்ச்சி யோக்கோய் என்ற இன்னொரு ஜப்பானியச் சிப்பாய் சாட்சி. படைக்குப் போகுமுன் தையல்காரர். பசிபிக் கடலின் குவாம் தீவில் ஒரு குழியைத் தோண்டி அதற்குள் வாழ்ந்தார். மரப்பட்டை நாரில் துணி நெய்து உடுத்திக்கொண்டார். 1972 ஜனவரியில் ஊர்க்காரர்கள் இருவர் பிடித்தார்கள். ஓனோடாவைப் போல இவர் போர் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கவில்லை. போர் முடிந்தது இவருக்கு 1952லேயே தெரியும். தெரிந்தும் இருபது ஆண்டு வெளியே வரவில்லை. ஜப்பான் திரும்பியதும் அவர் சொன்னது, வெட்கத்தோடுதான் உயிருடன் திரும்பி வந்திருக்கிறேன் என்று. உயிரோடு இருப்பதற்கு ஒரு மனிதன் நாட்டிடம் மன்னிப்புக் கேட்கிறான். எனக்கு ஓனோடாவைவிட இவர்தான் அதிகம் தொந்தரவு கொடுக்கிறார்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். உங்கள் வகுப்பில் இவர் வந்திருக்க மாட்டார், பெரும்பாலும் யார் கதையிலும் வருவதில்லை. பெயர் தெருவோ நகமுரா. ஓனோடா வெளியே வந்த அதே 1974ல், டிசம்பரில், இந்தோனேசியாவின் மொரோத்தாய் தீவில் கண்டுபிடித்தார்கள். காட்டில் தனியாக ஒரு குடிசை, சிறிய தோட்டம். பேரரசருக்காக எல்லோரையும்விட நீண்ட நாள் காத்திருந்தவர். ஆனால் அவர் ஜப்பானியர் இல்லை. தைவானின் அமிஸ் பழங்குடி. நகமுரா என்பதே அப்போது தைவானை ஆண்ட ஜப்பானியர் வைத்த பெயர். காட்டில் இருந்த காலத்தில் தைவான் கைமாறிவிட்டது, அங்கே பதிவேட்டில் அவருக்கு ஒரு சீனப் பெயர் ஏறியிருந்தது. அது அவருக்கே தெரியாது. மனைவி எப்போதோ மறுமணம் செய்துகொண்டுவிட்டார். ஜப்பானியச் சட்டப்படி குடியேற்ற நாட்டுச் சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடையாது. அவர் கையில் வைத்தது 68,000 யென். சரி, பத்திரிகைகள் சத்தம் போட்ட பிறகு கூடுதலாகக் கொஞ்சம் சேர்ந்தது. ஐந்தே ஆண்டில், 1979ல், நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார். ஓனோடாவுக்குக் கிடைத்த வரவேற்பில் கால்வாசிகூட இவருக்கு இல்லை. அர்ப்பணிப்புக்கு அளவுகோல் இருந்தால் இருவருக்கும் ஒரே மதிப்பெண்தானே?

இதோடு நம் ஆட்கள் கணக்கும் ஒன்று சேர்கிறது. அதே பேரரசரின் படைதான் 1942, 43ல் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றி சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனது. 415 கிலோமீட்டர். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே முடிந்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையாக நிற்கின்றன. இவர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூடக் கிடையாது.

அப்புறம் அந்த இடுப்புத்துணி. சென்னின்பாரி என்பார்கள். அம்மாவோ மனைவியோ தெருமுனையில் நின்று, போகிற வருகிற பெண்களிடம் ஆளுக்கொரு முடிச்சு கேட்டு வாங்குவார்கள். ஜப்பானிய நாட்காட்டியின் புலி ஆண்டில் பிறந்த பெண் மட்டும் தன் வயது எத்தனையோ அத்தனை முடிச்சு போடலாம். ஏனென்றால் ஆயிரம் காதம் போனாலும் புலி ஆயிரம் காதம் திரும்பி வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. சிலர் அதில் ஐந்து சென் நாணயத்தைத் தைத்து வைப்பார்கள். ஜப்பானிய மொழியில் நாலு சென் என்பதும் மரணத்தின் எல்லை என்பதும் ஒரே ஒலி. ஐந்து அதைத் தாண்டியது. நீங்கள் இதைத் தியாகத்தின் அடையாளம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அரசு அவனைச் சாகச் சொல்லிக் கையேடு கொடுத்தது. அம்மா அவன் இடுப்பில் திரும்பி வா என்று கட்டிவிட்டாள். வாயால் அதைச் சொல்ல முடியாத காலம், அதனால் நூலில் சொன்னாள்.

அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணை எழுப்பி நெல்லுக்குத் தீ வைத்ததைச் சொல்லுங்கள். நேரம் இருந்தால் யோக்கோயின் அம்மாவைப் பற்றியும். மகன் இறந்துவிட்டதாக அரசு அறிவித்த பிறகு, 1955ல், நகோயாவில் அந்த அம்மா அவனுக்கு ஒரு கல்லறைக் கல் செய்துவைத்தாள். அப்போது அவன் குவாமில் குழிக்குள் உயிரோடு இருந்தான். 1997ல் யோக்கோய் இறந்ததும் அந்தக் கல்லின் அடியில்தான் அவரை வைத்தார்கள்.