‘வேலைக்குத் தகுதியற்றவர்’ என்று எழுதி வாங்காதீர்கள்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 17 வருடமாக உதவி அலுவலராக இருக்கிறேன். வயது 46. சீனி வருத்தத்துக்கு இரண்டு வருடமாக இன்சுலின் போடுகிறேன். சிறுநீரில் புரதம் போவதாகவும் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். கொழுந்து கூடும் மாதங்களில் வாரத்துக்கு ஐந்து இரவு எனக்குத்தான். போன மாதம் விடியற்காலை 2 மணிக்குக் கொழுந்து உருட்டும் ரோலர் இயந்திரத்தின் அருகே சீனி இறங்கி விழுந்துவிட்டேன். துரை (எங்கள் முகாமையாளர்) எல்லோர் முன்னாலும், “முடியாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ” என்றார். அன்று வீட்டுக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. 3 நாட்களில் வராவிட்டால் பதவியை விட்டுச் சென்றதாகக் கருதுவோம் என்று பதிவுத் தபாலில் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. பேசாமல் இருங்கள் என்கிறார் சங்கத்துக்காரர். நிரந்தர இயலாமைச் சான்றிதழ் எடுத்து ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் மைத்துனர். துரைமீது மானநஷ்ட வழக்குப் போட முடியுமா? இரவு வேலையால்தான் நோய் முற்றியது என்று நட்டஈடு கேட்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பியது நான்கு பக்கம். இங்கே சுருக்கித் தந்திருக்கிறேன். அதில் மூன்றே கால் பக்கம் துரையைப் பற்றியது. எனக்கு வேண்டிய விஷயத்தை நீங்கள் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: பதிவுத் தபால் வந்தது, பதில் போடவில்லை.

மானநஷ்டத்தை விட்டுவிடுங்கள். ரோலர் ஓடும் சத்தத்தில் சொன்ன சொல்லுக்குச் சாட்சி சொல்ல, அந்தத் துரையின் கீழ் வேலை செய்யும் எவரும் வரப்போவதில்லை. நட்டஈட்டுக் கதையும் அப்படித்தான். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலைத்தல விபத்துக்கும் தொழிலால் வரும் நோய்களுக்கும் உரியது. சீனி வருத்தம் அதில் சேராது. விழுந்ததில் கை முறிந்திருந்தால் வேறு மாதிரி பேசலாம். நோயாளிக்கு ஏற்றபடி வேலையை மாற்றித் தருவது முதலாளியின் கடமை என்று இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது வேறு நாட்டுச் சட்டம். நம்முடைய 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலதுகுறைந்தவர்களை வேலைக்குச் சேர்க்கும்போது பாகுபாடு காட்டக்கூடாது என்கிறதே தவிர, இருக்கிற வேலையை மாற்றிக் கொடு என்று சொல்லவில்லை. நெடுநாள் நோயாளிக்கென்று தனி விடுமுறையும் கிடையாது. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சுகவீனம் வருடத்துக்கு 7 நாள் அமைய விடுமுறைக்குள்தான் (திடீர்த் தேவைக்கு எடுக்கும் லீவு) அடங்கும். அதற்கு மேல் உங்களைப் போன்ற தோட்டச் சேவையாளருக்குக் கிடைப்பதெல்லாம் சங்கமும் முதலாளிமாரும் செய்துகொண்ட கூட்டு உடன்படிக்கை தருவது.

சரி, துரை ஏன் ‘எழுதிக் கொடு’ என்றார்? வாய் தவறி வந்த வார்த்தை அல்ல அது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வருத்தக்காரராக இருப்பது ஒழுக்காற்றுக் குற்றம் அல்ல. ஆகவே கம்பனிக்கு மூன்று வழிகள்தாம் உண்டு. ஆணையாளரிடம் போகலாம், நட்டஈடு கட்டவேண்டி வரும். உங்களிடம் எழுதி வாங்கலாம். இரண்டும் நடக்காவிட்டால், ‘நாங்கள் நிறுத்தவில்லை, அவரே போய்விட்டார்’ என்று சொல்லலாம். உங்கள் கையில் இருக்கும் கடிதம் இந்த மூன்றாவது வழியின் முதல் படி.

இதில்தான் என் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். பதவி வறிதாக்கல், அதாவது ஊழியர் தானே வேலையை விட்டுப் போனதாகக் கொள்வது, என்பதற்கு ஆள் வராமல் இருந்தது மட்டும் போதாது, வேலையை விட்டுவிடும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும். அந்த எண்ணத்தை எதை வைத்து அளப்பார்கள்? உங்கள் மௌனத்தை வைத்துத்தான். கம்பனியே நிறுத்தியதாக ஒப்புக்கொண்டால் காரணம் காட்டவேண்டியது அவர்கள் பொறுப்பு. நிறுத்தவே இல்லை என்று மறுத்தால், நிறுத்தினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறிவிடும்.

மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பிஸ்கட் டின்னைத் திறந்து இப்படி இரண்டு கடிதங்களை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் பிரிக்கப்படவில்லை. வாங்கினால்தானே வம்பு, பிரிக்காவிட்டால் செல்லாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருடைய கிளினிக் கொப்பியில், காலண்டர் தாள் அட்டை போட்டு, ஒவ்வொரு மாதமும் முத்திரை ஒழுங்காக இருந்தது. ஆனால் வேலைக்குப் போகாத நாட்களுக்கான மருத்துவச் சான்றிதழ், ஆறு வாரம் கழித்து, அவரை அதற்குமுன் பார்த்தேயிராத வேறொரு வைத்தியர் கொடுத்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே கேள்விதான் கேட்டார்: “இந்த ஆறு வாரத்தில் ஒரு முத்திரை வாங்கத் தபால் கந்தோருக்குப் போகவில்லையா?” பாவம், அவரிடம் பதில் இல்லை.

தோட்டத்துத் தபால் எப்படி வருகிறது என்பதையும் மறக்காதீர்கள். பை முதலில் தோட்ட அலுவலகத்துக்குப் போகிறது. உங்களுக்கு எந்தக் கடிதம் எந்த நாளில் வந்தது என்பது அங்கே இருக்கிற கிளார்க்குக்குத் தெரியும். ‘கிடைக்கவில்லை’ என்ற பேச்சு எடுபடாது. உங்கள் பதிலை அலுவலகத்தில் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். டவுனில் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். பிரதி ஒன்று தொழில் அலுவலகத்துக்கும் போகட்டும்.

இனி மைத்துனரின் யோசனை. நிரந்தரமாக வேலை செய்ய இயலாது என்று வைத்தியர் உறுதிப்படுத்தினால், 55 வயதுக்கு முன்பே ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்து விழுந்த அன்றே உங்கள் வழக்கு செத்தது. ‘என்னை அநியாயமாக நிறுத்திவிட்டார்கள், வேலையைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று ஒரு கையால் எழுதிவிட்டு, ‘எனக்கு எந்த வேலையும் செய்ய முடியாது’ என்று மறு கையால் எழுத முடியாது. நிதிப் பணம் எங்கும் ஓடிவிடாது, வட்டியோடு கிடக்கும். கிளினிக் வைத்தியரிடம் நீங்கள் கேட்க வேண்டிய சான்றிதழ் வேறு: ‘இரவுப் பணிக்கு ஏற்றவரல்லர், பகல் பணி செய்யலாம்.’ அந்த ‘இரவு’ என்ற சொல் விடுபட்டால் கம்பனிக்கு நீங்களே ஆயுதம் செய்து கொடுத்ததாகும். வைத்தியர் எழுதியதை அங்கேயே வாசித்துப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

அதற்குப் பிறகு? சமரசம் பேசுங்கள். சங்கத்துக்காரரின் வாய் அப்போது பயன்படட்டும். முதலில் கொழுந்து நிறுக்கும் இடத்திலோ அலுவலகத்திலோ பகல் வேலை கேளுங்கள். தர மறுத்தால், ஒரு தொகையோடு விலகும் பேச்சுக்கு இறங்குங்கள். வேலை நிறுத்த வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு, நிறுத்தி 6 மாதங்களுக்குள் போகலாம்தான். ஆனால் அங்கே தோற்றவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போவார், வருடங்கள் ஓடும். வென்றாலும் இன்சுலின் போடும் ஒருவரை இரவு ரோலர் பக்கம் திருப்பி அனுப்பாமல், வேலைக்குப் பதிலாக நட்டஈடு கொடு என்றுதான் பெரும்பாலும் முடியும். அதே பணத்தை இப்போதே பேசி வாங்குவது உங்கள் சிறுநீரகத்துக்கும் நல்லது.

பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பணிக்கொடை அவர்கள் தரும் சலுகை அல்ல, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி உங்களுக்குச் சேரவேண்டியது. நீங்களே விலகினாலும் அது போகாது. கடைசிச் சம்பளம் 64,000 ரூபாய் என்கிறீர்கள். அதில் பாதி 32,000, அதைப் பதினேழால் பெருக்கினால் 544,000 ரூபாய், சேவை முடிந்து 30 நாட்களுக்குள். இந்தத் தொகையைக் காட்டி ‘ஐந்தரை லட்சம் தருகிறோம், கையெழுத்துப் போடு’ என்றால், அவர்கள் ஒன்றும் தரவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் என்ன என்பதுதான் பேச்சு. ‘சொந்த விருப்பில் விலகுகிறேன்’ என்ற தாளில் துரையின் அறையில் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை, கொடுக்கும் திகதி, குவாட்டர்ஸ் காலி செய்யும் திகதி மூன்றும் எழுதிய பத்திரத்தில், தொழில் அலுவலகத்தில், அதிகாரி முன்னால் போடுங்கள்.

மூன்று நாள் கெடு கழிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். நாளைக்கே எழுதுங்கள்: வேலையை விடும் எண்ணம் எனக்கு இல்லை, இன்ன நாள் முதல் சுகவீனம், சான்றிதழ் இணைத்திருக்கிறேன், பகல் பணிக்கு உடனே வரத் தயார். நான்கு வரி போதும். துரை சொன்னதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட வேண்டாம். அந்த மூன்றே கால் பக்கம் என்னிடமே இருக்கட்டும்.