தளதளக்கும் இலையும் வராத பூவும்: அழகுச் செடிகள் பற்றிச் சில கேள்விகள்

காகிதப்பூச் செடிக்குத் தவறாமல் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். இலை தளதளவென்று இருக்கிறது. பூ மட்டும் வரவில்லை.

அந்தத் தளதளப்புதான் கோளாறு. நீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் காகிதப்பூ இலையும் முள்ளுமாக வளர்ந்துகொண்டே போகும். மேல்மண் நன்றாகக் காய்ந்து, இளந்தளிர் லேசாகத் தொங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு நிறைய ஊற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை காயவிட்டால் நுனிகளில் நிறம் ஏறும். பெரிய தொட்டிக்கு மாற்ற அவசரப்படாதீர்கள், வேர் நெருக்கமாக இருந்தாலே நன்றாகப் பூக்கும். நாம் பூ என்று ரசிப்பது நிறம் மாறிய இலைகளைத்தான். நடுவில் சிறு குழல்போல வெள்ளையாக எட்டிப்பார்ப்பதே பூ.

சென்ற ஆண்டு கொத்துக்கொத்தாகப் பூத்த செவ்வந்தியை வாசலுக்கு மாற்றினேன். இந்த ஆண்டு ஒரு மொட்டுகூட இல்லை.

வாசலில் இரவு முழுக்க விளக்கு எரிகிறதா? நானும் இதில் ஏமாந்தவன். ஒரே செடியிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகளை வேரூன்ற வைத்து, ஒன்றை வாசல் விளக்கின் கீழும் மற்றொன்றைப் பின்சுவரோரமும் வைத்தேன். பின்சுவர்ச் செடி மஞ்சளாக நிறைந்து நின்றது. வாசலில் இருந்தது முழங்கால் உயரம் வளர்ந்தும் பச்சையாகவே நின்றது. உரத்தை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு பருவத்தை வீணாக்கிய பிறகுதான் விளக்கின்மேல் சந்தேகம் வந்தது. செவ்வந்திக்குத் தொடர்ந்து நீண்ட இருட்டு வேண்டும். இடையில் சற்று நேரம் வெளிச்சம் பட்டாலும் அதன் கணக்குக் குழம்பிவிடும். நுனி இலைகள் பூப்போலச் சிவக்கும் பாயின்செட்டியாவும் இதே ரகம்தான். அது சிவக்க வேண்டுமானால் இரவுக்குச் சுமார் 14 மணி நேர இருட்டு, இரண்டு மாத அளவுக்கு வேண்டும்.

இன்னொன்று: செவ்வந்தி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும். பகல் குறையத் தொடங்கிய பிறகும் கிள்ளிக்கொண்டிருந்தால் மொட்டையே கிள்ளிவிடுவீர்கள்.

ரோஜாவுக்குக் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, எப்போது?

குளிர் கடுமையான இடமென்றால், குளிர் விலகிக் கணுக்கள் பருக்கும்போது. வெப்பமான இடமென்றால், மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது. வெளிப்பக்கம் நோக்கிய கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, கூரிய கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் பூ வரும்.

நீலப்பூ என்று வாங்கிய ஹைட்ராஞ்சியா இளஞ்சிவப்பாகப் பூக்கிறதே?

யாரும் உங்களை ஏமாற்றவில்லை. மண் அமிலத்தன்மையோடு இருந்தால்தான் அந்தச் செடியால் அலுமினியத்தை உறிஞ்ச முடியும். அப்போதுதான் நீலம் வரும். சுண்ணாம்பு கூடிய மண்ணில் சிவப்புதான். வெள்ளை ரகம் எந்த மண்ணிலும் வெள்ளையே.

குரோட்டன்ஸின் வண்ண இலைகள் வீட்டுக்குள் வெளுத்துப் பச்சையாகின்றன.

வெளிச்சம் போதவில்லை. ஜன்னலோரம் வையுங்கள், ஆனால் ஒரேயடியாக உச்சிவெயிலில் தள்ளிவிட வேண்டாம்.

செம்பருத்தி நுனியில் பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டியிருக்கிறது.

மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். பூச்சி கசியவிடும் இனிப்புக்காக அதைக் காவல் காப்பதே எறும்புதான். மோசமான நுனிகளை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை வேகமான நீரால் பீய்ச்சுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். ஒரே தடவையோடு விட்டுவிடுகிறவர்கள்தான் மறுபடி இதே கேள்வியோடு வருகிறார்கள்.

குளிர் தொடங்கியதும் அடீனியத்தின் இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. செத்துவிட்டதா?

பருத்த அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல இருந்தால் தூங்குகிறது, தண்ணீரை நிறுத்திவிடுங்கள். அமுங்கினால் அழுகல், நல்ல சதை தெரியும்வரை வெட்டி, சில நாள் நிழலில் உலர்த்தி, புதிய மண்ணில் வையுங்கள். எதுவானாலும் துளிர் கண்ணில் படும்வரை பூவாளியைத் தொட வேண்டாம்.