எவர்சில்வர் தம்ளரின் விளிம்பு ஏன் சுடுவதில்லை? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: பாட்டி காலத்துப் பித்தளைத் தம்ளரில் காப்பியை ஊற்றினால் விளிம்பைக்கூடத் தொட முடிவதில்லை. எவர்சில்வர் தம்ளரையோ விளிம்பில் பிடித்து ஆற்றிக் குடித்துவிடலாம். ஆனால் அதே எவர்சில்வர் பாத்திரத்தில் பாயசம் வைத்தால் அடிப்பிடித்துவிடுகிறது. இரண்டும் உலோகந்தானே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தம்ளரைப் பற்றியும் பாயசத்தைப் பற்றியும் தனித்தனியே கேட்டிருக்கிறீர்கள், இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உலோகங்களுக்குள் வெப்பத்தை மிகவும் மந்தமாகக் கடத்துபவற்றுள் எவர்சில்வரும் ஒன்று. ஒரு மீட்டர் தடிமனுள்ள பொருளின் இரு பக்கங்களுக்கும் இடையே ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே நொடிக்கு எத்தனை ஜூல் வெப்பம் கடக்கிறது என்பதையே அப்பொருளின் கடத்துதிறன் என்கிறோம். அந்த எண் செம்புக்கு ஏறத்தாழ 400, அலுமினியத்துக்கு 235, பித்தளைக்கு 110 அல்லது சற்று அதிகம், இரும்புக்கு 80. எவர்சில்வருக்கோ வெறும் 15.

உலோகத்தில் வெப்பத்தைப் பெரும்பாலும் சுமந்து செல்பவை, எந்த ஓர் அணுவுக்கும் கட்டுப்படாமல் உலவும் எலக்ட்ரான்கள். தூய செம்பில் அணுக்கள் சீராக அடுக்கப்பட்டிருப்பதால், வரிசை பிடித்து நட்ட தென்னந்தோப்பில் ஓடுவதைப் போல அவை தடையின்றி நெடுந்தூரம் செல்கின்றன. எவர்சில்வரில் இரும்போடு சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் ஒழுங்கின்றிக் கலந்திருப்பதால், எலக்ட்ரான்கள் அடிக்கடி மோதித் திசைமாறுகின்றன. துத்தநாகம் கலந்த பித்தளை செம்பைவிடக் குறைவாகக் கடத்துவதும் இதனால்தான். துருப்பிடிக்காமல் இருப்பதற்காகச் சேர்த்த குரோமியம் வெப்பத்துக்கு முட்டுக்கட்டையாகிவிட்டது என்றும் சொல்லலாம்.

தம்ளரில் காப்பி தொடும் இடமெல்லாம், எந்த உலோகமானாலும், விரைவில் சூடேறிவிடும். ஏனெனில் அங்கே வெப்பம் கடக்க வேண்டியது தகட்டின் மெல்லிய தடிமனை மட்டுமே. காப்பி தொடாத விளிம்புக்கு வெப்பம் தகட்டின் வழியே மேலேறியாக வேண்டும். பித்தளையில் அது எளிதாக ஏறிவிடுகிறது. எவர்சில்வரில் ஏறுவதற்குள் வழியிலேயே பெரும்பகுதி காற்றுக்குப் போய்விடுகிறது. எவர்சில்வர் கரண்டிக் காம்பின் நுனி வெகுநேரம் சுடாமல் இருப்பதும் இப்படித்தான். கடத்தலில் தொலைவு இரண்டு மடங்கானால், சூடு எட்டுவதற்கான நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், நீளமான காம்பு நாம் நினைப்பதைவிட அதிகமாகவே கையைக் காக்கிறது.

அடுப்பில் இதே குணம் குற்றமாகிவிடுகிறது. தீ படும் இடத்தில் சேரும் வெப்பம் மெல்லிய எவர்சில்வர் தகட்டில் பக்கவாட்டில் பரவ முடியாமல் அங்கேயே தேங்குகிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருந்தால் அது தானே சுழன்று அந்த வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். கெட்டியான பாயசமும் சர்க்கரைப் பொங்கலும் அவ்வாறு சுழலா. ஆகவே வெப்பத்தைப் பரப்பும் வேலை முழுவதும் பாத்திரத்தின் மீதும் கிளறும் கையின் மீதும் விழுகிறது. பக்கவாட்டுப் பரவல் கடத்துதிறனை மட்டுமன்றித் தடிமனையும் பொறுத்தது. கனத்த வெண்கல உருளியில் பாயசம் நன்றாக வருவதற்கு உலோகத்தோடு அதன் தடிமனும் காரணம். எவர்சில்வரின் அடியில் மெலிதாகப் பூசிய செம்பு அழகுக்கு உதவும் அளவுக்குச் சமையலுக்கு உதவாது என்பது என் கருத்து; தடித்த அலுமினியத் தகட்டை நடுவில் வைத்து அழுத்திய அடிப்பகுதி உண்மையிலேயே பயன் தரும்.

கேள்வி: அதிகாலையில் இரும்புக் கதவு மரக்கதவைவிடச் சில்லென்று இருக்கிறதே, அதன் வெப்பநிலை குறைவா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: இல்லை. இரவு முழுதும் ஒரே காற்றில் நின்ற இரண்டும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். விரலை விட்டு வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதைத்தான் தோல் உணர்கிறது. தொட்ட இடத்தின் வெப்பத்தை இரும்பு உடனே உள்ளிழுத்துக்கொள்ள, மரமோ தொட்ட இடத்தில் மட்டும் வெதுவெதுப்பாகி நின்றுவிடுகிறது. மே மாத வெயிலில் கதவு கையைவிடச் சூடாகும்போது இதே காரணத்தால் இரும்புதான் அதிகமாகச் சுடும்.

கேள்வி: மின்சாரத்தை நன்கு கடத்துவதே வெப்பத்தையும் நன்கு கடத்தும் என்று படித்தேன். இதற்கு விதிவிலக்கு உண்டா?
– மாணவர், மதுரை

பதில்: உலோகங்களைப் பொறுத்தவரை தாங்கள் படித்தது சரியே, வீடெமான், ஃபிரான்ஸ் என்ற ஜெர்மானியர் இருவர் 1853-இல் இத்தொடர்பைக் கண்டறிந்தனர். இரண்டையும் சுமப்பவை அதே எலக்ட்ரான்கள் அல்லவா? பெரிய விதிவிலக்கு வைரம். அது மின்சாரத்தைக் கடத்தாது. வெப்பத்தையோ செம்பைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு கடத்தும். எடை குறைந்த கரி அணுக்கள் மிக உறுதியாகப் பிணைந்திருப்பதால், ஓர் அணுவின் அதிர்வு அடுத்தடுத்த அணுக்களுக்கு அதிவேகமாகப் பரவுகிறது. அங்கே எலக்ட்ரான்களுக்கு வேலையில்லை. நகைக்கடையில் பேனா போன்ற கருவியின் சூடான முனையைக் கல்லின்மேல் வைத்துப் பார்ப்பது இந்தக் குணத்தைச் சோதிக்கத்தான்: வைரமானால் முனையின் வெப்பம் சட்டென்று இறங்கும், அமெரிக்கன் டைமண்டானால் இறங்காது. மாய்சனைட் என்ற கல்லும் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால், இக்கருவி மட்டும் இருந்தால் அதையும் வைரம் என்றே சொல்லிவிடும். அதற்கு வேறு சோதனை தேவை.