ஸ்பிரிங்கை வெட்டினால் வண்டி மெத்தென்று ஆகாது

கேள்வி: தென்னந்தோப்பைச் சுற்றிவர விலை குறைந்த 110 சிசி ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் சின்ன நாலு சக்கர வண்டி) ஒன்று வாங்கினேன். முன்பக்க ஷாக் கல் மாதிரி இருக்கிறது. வரப்பு ஏறி இறங்கினால் மணிக்கட்டு விண்ணென்று வலிக்கிறது. ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். வெட்டலாமா?

பதில்: வெட்டவே வெட்டாதீர்கள். வெட்டினால் ஸ்பிரிங் இன்னும் விறைக்கும். எட்டுச் சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் இரண்டை எடுத்தால் விறைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். வண்டி தாழ்ந்து உட்கார்வதைக் காட்டி, 'பாருங்க, இறங்கிடுச்சு' என்று காசு வாங்கிவிடுவார்கள். ஷாக் அமுங்க இருந்த இடமும் அதோடு போய்விடும். அடுத்த குழியில் இரும்போடு இரும்பு மோதும். கேஸ் வைத்துச் சூடேற்றி இறக்குவது இதைவிட மோசம். பதம் போன ஸ்பிரிங் தொய்ந்துவிடும், உடையவும் செய்யும். இப்படிக் கெடுத்த ஷாக்குகளைக் கழற்றிக் கழற்றி எனக்கு வயிறு எரிகிறது.

முதலில் டயரைப் பாருங்கள். இந்தப் பலூன் டயர்களுக்குப் பெரும்பாலும் 5 பிஎஸ்ஐ அளவில்தான் காற்று வேண்டும். டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். அதே இடத்தில் இன்னொரு பெரிய எண்ணும் இருக்கும். அது டயரை ரிம்மில் ஏற்றி உட்கார வைக்கும்போது தாண்டக்கூடாத அளவு. பஞ்சர் கடையில் அதைப் பார்த்தோ, பைக் கணக்கிலோ 25, 30 என்று அடித்துவிடுகிறார்கள். 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் சின்ன கேஜ் ஒன்று வாங்கி, டயர் ஆறியிருக்கும்போது அளந்து இறக்குங்கள். பாதி வலி அங்கேயே போய்விடும்.

அப்புறம், முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் தூக்கி விடுங்கள். தானாகத் தொப்பென்று இறங்க வேண்டும். விட்ட இடத்திலேயே நின்றால் குற்றம் ஸ்பிரிங்கில் இல்லை; ஏ-ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை ஏறி இறங்கும் மூட்டில் இருக்கும் குழல்) இறுகியிருக்கிறது. பிளாஸ்டிக் புஷ் என்றால் கழற்றித் துடைத்து கிரீஸ் வையுங்கள். இதற்குக் கூலியும் பெரிதாக ஆகாது.

ஷாக்கில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் திருகு வளையம் இருந்தால் இரு பக்கமும் ஒரே அளவு தளர்த்துங்கள். ஸ்பிரிங் ஆடும் அளவுக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். முன் கேரியரில் மருந்து டேங்க் வைப்பீர்களா? அப்படியானால் வளையத்தைத் தொடாதீர்கள். 40 லிட்டர் மருந்து என்றால் 40 கிலோவுக்கு மேல், முழுக்க முன் சக்கரத்தில். டேங்க் காலியாக இருக்கும்போது சுகமாக இருக்கும்; நிறைத்ததும் முன்பக்கம் அமுங்கிக் கிடக்கும், இறக்கத்தில் பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும். வாரத்தில் ஒருநாள்தான் மருந்து அடிப்பேன் என்றாலும் அந்த ஒருநாளுக்காகத்தான் சொல்கிறேன். டேங்கைப் பின் கேரியருக்கு மாற்றிவிட்டுப் பிறகு தளர்த்துங்கள்.

இதெல்லாம் செய்தும் விறைப்பாக இருந்தால் ஸ்பிரிங்கை மாற்றத்தான் வேண்டும். கம்பி 8 மி.மீ. என்றால், அதே சுற்று, அதே அகலத்தில் 7 மி.மீ. கம்பி ஸ்பிரிங் கேளுங்கள். விறைப்பு நாற்பது சதவீதம் குறையும். விற்றவரிடம் கேட்டால், 'ஸ்பிரிங் தனியா வராது, முழு செட் வாங்குங்க' என்பார். கையேடு தராமல் வண்டியை விற்கிறார்கள், ஸ்பிரிங் அளவு கேட்டால் முழிக்கிறார்கள், தட்டிக் கேட்க ஒருவரும் இல்லை. ஸ்பிரிங் தனியாகக் கிடைக்காமல் முழு ஷாக்கே வாங்க வேண்டியிருந்தால், பழைய ஷாக்கையே கையில் எடுத்துப்போய், இரண்டு போல்ட் துளைகளின் நடுவிலிருந்து நடு வரை கடையிலேயே அளந்து, ஒத்துப்போனால் மட்டும் ஜோடியாக வாங்குங்கள்.