ஒழிமுறி – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது மருமக்கத்தாய (தாய்வழியில் சொத்து இறங்கும்) நாயர் குடும்பம். பாட்டாவின் (தாத்தாவின்) பெட்டியில் மலையாள எழுத்தில் இரண்டு பழைய பத்திரங்கள் கிடைத்தன. இரண்டின் தலைப்பும் ‘ஒழிமுறி’. ஒன்று வயலைப் பற்றியது. மற்றது கொல்லம் ஆண்டு 1108 மேட மாதத்தில் பாட்டாவின் தங்கையும் அவர் கணவரும் சேர்ந்து எழுதியது. அவரைப் புருஷன் விரட்டிவிட்டதாகத்தான் வீட்டில் பேச்சு. இப்போது அண்ணனும் “உன் பங்கை ஒழிஞ்சு குடு” என்கிறான். மனசு வலிக்கிறது. நிலத்துக்கும் உறவுக்கும் ஒரே சொல்லா?
– வாசகி, விளவங்கோடு

பதில்: ஆமாம் அம்மா, ஒரே சொல்தான். குழித்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதியவன் என்பதால் சொல்கிறேன், அதில் வசவு கிடையாது. “கை ஒழியட்டும், வாறேன்” என்று நம் பெண்கள் சொல்வதில்லையா, அந்த ஒழிதல்தான் இது. பிடித்திருந்ததை விடுவது. “உலகம் பழித்தது ஒழித்து விடின்” என்று வள்ளுவர் சொன்னதும் விட்டுவிடுவதைத்தான். முறி என்றால் பத்திரம். நிலத்தில் உள்ள பாத்தியதையை விட்டாலும் ஒழிமுறி, தாம்பத்தியத்தை விட்டாலும் ஒழிமுறி.

உங்கள் பாட்டாவின் தங்கையைப் பற்றி வீட்டில் சொல்லிவரும் கதையை இனி நிறுத்தச் சொல்லுங்கள். மேடம் 1108 என்றால் 1933. அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1925-ல், திருவிதாங்கூர் நாயர் சட்டம் வந்துவிட்டது. தம்பதிகள் இருவரும் சம்மதித்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து மணத்தை முடித்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. அவரும் சேர்ந்து எழுதிய பத்திரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. விரட்டப்பட்டவளுக்கு அந்தக் கையெழுத்து எதற்கு? தறவாட்டில், அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தில், அவருக்கிருந்த உரிமையும் மணம் முடிந்ததால் போய்விடவில்லை. (இன்று அப்படி எழுதிக்கொண்டால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நிரூபிக்கக்கூடிய வழக்காறு இருந்தாலொழிய, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.)

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். 1956 நவம்பரில் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு, பதிவு அலுவலகத்தில் நில ஒழிமுறிக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்து என்றால் பதிவு கட்டாயம். அண்ணன் கேட்பது பங்கை, உறவை அல்ல. ஆனால் பதிவாகிவிட்டால், பிறகு மனசு மாறிவிட்டது என்று சொல்லித் திரும்ப வாங்க முடியாது. அதனால் சர்வே நம்பர், எத்தனை சென்ட், உங்களுக்கு எவ்வளவு தொகை, யாருக்காக விடுகிறீர்கள் என்ற நான்கும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். “மேற்படி சொத்தில் இனி எனக்கு யாதொரு பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் இல்லை” என்ற வரி கட்டாயம் வரும். அது வரட்டும். அதே வரி “மேற்படி சொத்திலும் மற்றெல்லாக் குடும்பச் சொத்துகளிலும்” என்று நீண்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத தென்னந்தோப்பும் அதோடு போய்விடும். வரைவை முதல் நாளே கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்கலாம்.