எத்தனை பேரில், யாரோடு ஒப்பிட்டு? ஆய்வு முடிவுகளைப் படிப்பது பற்றிக் கேள்வி பதில்

வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பல ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்று, ராயபுரத்தில் வசிக்கும் ஆசிரியை அளித்த பதில்கள்.

திருவொற்றியூர் வாசகி: டீச்சர், ஒரு மாத்திரையால் ஆபத்து "இரு மடங்கு" ஆகிறது என்று செய்தியில் வந்தால், உடனே அதை நிறுத்திவிட வேண்டாமா?

எதன் இரு மடங்கு என்று முதலில் கேளுங்கள். 1995இல் பிரிட்டனில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காகிறது என்று எச்சரிக்கை வெளியானது. அதன் பின்னால் இருந்த கணக்கு, 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது இருவருக்கு வரலாம் என்பதுதான். செய்தியில் மடங்கு மட்டும் பெரிதாகத் தெரிந்ததால் பலர் மாத்திரையை விட்டார்கள். அடுத்த ஆண்டில் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடுதலாயின என்று மதிப்பிட்டார்கள். இரத்தம் உறையும் ஆபத்து கர்ப்ப காலத்தில் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் இதில் வேதனையான செய்தி. மடங்கைச் சொல்பவர் எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை என்றால், மருத்துவரிடம் கேட்கும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

காசிமேட்டிலிருந்து ஒருவர்: என் சித்தப்பாவுக்குக் காசநோய். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடச் சொல்கிறார்கள். எங்களுடையது ஒரே அறை உள்ள வீடு. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதுதானே நல்லது?

உங்கள் கேள்விக்கு விடை கண்டது நம் ஊர்தான் என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். 1956இல் சென்னையில் காசநோய்க்கான மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதன் தொடர்ச்சியே. படுக்கை ஓய்வும் நல்ல சாப்பாடும் சுத்தமான காற்றும் தரும் சானடோரியத்தில்தான் இந்த நோய் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம் அது. அந்த மையத்தார் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மற்றவர்களை வீட்டிலேயே இருக்கச் செய்து, இரு சாராருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, நெருக்கடி அதிகம். அப்படியிருந்தும், 1959இல் வெளியான முடிவின்படி, அவர்கள் குணமானது ஏறத்தாழ அதே அளவில்தான். அவர்களுடைய வீட்டாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை.

இந்த முடிவை நான் நம்புவதற்குக் காரணம், யார் எங்கே போவது என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிக்காமல், குலுக்கல் முறையில் பிரித்ததுதான். மருத்துவர் தேர்ந்தெடுத்திருந்தால், மிகவும் முற்றியவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு அங்கே பலன் குறைவாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் இடமா, நோயின் கடுமையா என்று பிரித்தறிய முடியாது. சித்தப்பா மருந்தை ஒருநாளும் விடாமல் சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருந்து தொடங்குவதற்கு முந்தைய நாட்களில்தான் தொற்று பெரும்பாலும் பரவுகிறது.

கொருக்குப்பேட்டை வாசகர்: 30 பேருக்குக் கொடுத்தும் ஒருவருக்குக்கூடப் பக்கவிளைவு வரவில்லை என்று ஒரு மருந்துக்கு விளம்பரம் செய்கிறார்களே?

ஒருவருக்கும் வரவில்லை என்றால், உண்மையான ஆபத்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று பார்க்க ஒரு தோராயக் கணக்கு உண்டு: மூன்றை, கொடுத்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பது. மூன்றை 30ஆல் வகுத்துப் பாருங்கள், பத்தில் ஒன்று வரும். உண்மையில் பத்தில் ஒருவருக்குப் பக்கவிளைவு தரக்கூடிய மருந்துகூட 30 பேரில் ஒருவரையும் தொடாமல் தப்பிவிடலாம்.

பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பி மதிப்பு 0.05க்குக் கீழே இருந்தால், அந்த முடிவு 95 சதவீதம் உண்மை என்று பொருளா?

இல்லை தம்பி. மருந்துக்குப் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வேறுபாடோ இதைவிடப் பெரியதோ தற்செயலாகவே தென்படும் வாய்ப்பு எவ்வளவு என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. ஆகவே பலனே இல்லாத இடத்தில் 20 விதமாகப் பிரித்துப் பார்த்தால், ஏதாவது ஒரு பிரிவில் அந்த எண் 0.05க்குக் கீழே வந்துவிடுவதில் வியப்பில்லை. 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு மாரடைப்பு வந்த 17,187 பேரைக் கொண்டது; ஆஸ்பிரின் பெற்றவர்களிடையே இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேரும் இறப்பு 23 சதவீதம் குறைந்திருந்தது. பிரித்துப் பார்ப்பதன் ஆபத்தைக் காட்டுவதற்காக ஆய்வாளர்கள் அதே நோயாளிகளை ராசிப்படியும் பிரித்தார்கள் (நம் ஜாதகக் கணக்குப்படி அல்ல, பிறந்த தேதியை வைத்துப் பார்க்கும் மேற்கத்திய முறைப்படி). மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரினால் பலன் இல்லை என்றே அதில் வந்தது! உங்கள் பாடத்தில் இனி ஓர் ஆய்வைப் படிக்கும்போது, அந்தப் பிரிவைப் பார்ப்பதென்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தார்களா என்று தேடிப் பாருங்கள்.

எண்ணூரிலிருந்து ஓர் இளைஞர்: எங்கள் தெருவில் 40 வீடுகளில் விசாரித்தோம். 22 வீடுகளில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருக்கிறது. புகையும் சாம்பலும்தான் காரணம் என்று மனுவில் எழுதலாமா?

வீடு வீடாக நடந்து கேட்டிருக்கிறீர்கள்; அந்த உழைப்பு வீணாகிவிடக் கூடாது என்ற கவலையோடுதான் சொல்கிறேன். முதலில் வீடுகளை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுங்கள். ஐந்து பேர் வாழும் வீடுகளில், நூறு பேருக்கு 15 பேர் இருமினாலே, பாதிக்கு மேற்பட்ட வீடுகள் "இருக்கிறது" என்று சொல்லும் நிலை வந்துவிடும். 40க்கு 22 என்பது நீங்கள் அஞ்சிய அளவாக இல்லாமல் போகலாம்.

அடுத்து, இதே கேள்விகளை, இதே மாதத்தில், சாம்பல் வந்து விழாத ஓர் இடத்திலும் கேளுங்கள். வருமானம், சமையல் அடுப்பு, பீடிப் பழக்கம், வீட்டு நெருக்கம் ஆகியவற்றில் உங்கள் தெருவைப் போலவே இருக்கும் தெருவாகப் பாருங்கள். கேட்கும்போது புகையைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்; எடுத்தால், மறந்துபோன இருமலும் ஞாபகத்துக்கு வந்துவிடும். பூட்டியிருந்த வீடுகளுக்கு மாலையில் மறுபடியும் போங்கள், ஏனென்றால் வேலைக்குப் போகும் அளவுக்கு உடல்நலம் உள்ளவர்கள்தான் பகலில் அகப்பட மாட்டார்கள். நோய் தாங்காமல் ஊரைவிட்டே போனவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வேறுபாடு நிரூபிக்கப்படவில்லை என்று பதில் வரக்கூடும். அதைத் தீங்கு இல்லை என்று யாராவது திரித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 40 வீடுகளைக் கொண்ட ஆய்வில் உண்மையான தீங்குகூடக் கண்ணுக்குப் படாமல் போகும். காரணம் இதுதான் என்று எழுதாமல், எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை பேருக்கு எத்தனை வாரமாக இருமல், ஒப்பிட்ட தெருவில் எவ்வளவு என்று எழுதி, முறையான மருத்துவ ஆய்வு வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த தெருவுக்குப் போகும் முன் வினாத்தாளை எனக்குக் காட்டுங்கள், சேர்ந்து திருத்தலாம்.