பூஸ்ட் ஏறியும் வண்டி ஏன் இழுக்கவில்லை?

அன்புள்ள ஐயா,

டர்போ வீணாகப் போகும் புகையின் சக்தியை வைத்தே காற்றை அமுக்குகிறது என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபின் என் டீசல் வண்டியில் சின்ன டர்பைன் ஹவுசிங் (புகை சுற்றவைக்கும் சக்கரத்தின் உறை) உள்ள டர்போவை மாட்டினேன். கீழ் ஆர்பிஎம்மில் அருமையாக எழுகிறது. முன்பு 1.4 பார் காட்டிய பூஸ்ட் கேஜ் இப்போது 1.8 காட்டுகிறது. ஆனால் மேல் ஆர்பிஎம்மில் இழுவை முன்பைவிடக் குறைந்துவிட்டது, எக்ஸாஸ்ட் சூடும் ஏறிவிட்டது. மெக்கானிக் 'டிரைவ் பிரஷரைப் பாருங்கள்' என்கிறார். காற்று அதிகம் போனால் சக்தியும் அதிகம் வரவேண்டும் அல்லவா?

க.

அன்புள்ள க.,

உங்கள் மெக்கானிக் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நான் அந்தக் கட்டுரையில் பாதியைத்தான் சொன்னேன். மீதியை இப்போது சொல்லிவிடுகிறேன்.

டர்பைன் சுற்ற வேண்டுமானால் அதன் முன்னால் அழுத்தம் கூடுதலாகவும் பின்னால் குறைவாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் சூடான வாயு விரிந்து பாய்ந்து சக்கரத்தைத் தள்ளும். சிலிண்டர்களிலிருந்து புகையைச் சேர்த்து எடுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், டர்பைனுக்கு முன்னால் கட்டி நிற்கும் அந்த அழுத்தம்தான் டிரைவ் பிரஷர். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் மேலேறும் பிஸ்டன் அதை எதிர்த்துத்தான் புகையை வெளியே தள்ள வேண்டும். அந்த வேலைக்கான சக்தி கிராங்கிலிருந்துதான் போகிறது. இன்டேக் ஸ்ட்ரோக்கில் பூஸ்ட் பிஸ்டனைக் கீழே தள்ளி அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். இரண்டு அழுத்தமும் சமமாக இருந்தால் கொடுத்ததும் வாங்கியதும் ஏறக்குறைய சரியாகிவிடும். டிரைவ் பிரஷர் பூஸ்டைத் தாண்டிப் போகப் போக இன்ஜின் கையிலிருந்து கொடுக்கிறது.

இனி உங்கள் 1.8 பாருக்கு வருவோம். பூஸ்ட் கேஜ் காட்டுவது சிலிண்டருக்குள் போன காற்றின் அளவை அல்ல, இன்டேக் மேனிஃபோல்டில் நிற்கும் அழுத்தத்தை. சின்ன ஹவுசிங்கின் கழுத்து குறுகல். கீழ் ஆர்பிஎம்மில் புகை குறைவு என்பதால் அந்தக் குறுகல் வேகத்தைக் கொடுக்கிறது, டர்போ சட்டென்று எழுகிறது. மேல் ஆர்பிஎம்மில் அதே கழுத்து அடைப்பாகிவிடுகிறது. புகை முழுதும் வெளியேறாமல் சிலிண்டரிலேயே கொஞ்சம் தங்கிவிடும், அந்த அளவுக்குப் புதுக் காற்றுக்கு இடம் இல்லை. உள்ளே போக முடியாத காற்று மேனிஃபோல்டில் நிற்கும்போது கேஜ் முள் ஏறத்தான் செய்யும். போதாததற்கு, டர்போவில் காற்றை அமுக்கும் சக்கரமான கம்ப்ரசர் தன் வரம்பைத் தாண்டிச் சுற்றினால் காற்றை அமுக்குவதைவிடச் சூடாக்குவதே அதிகம். டீசல் அதே அளவு, காற்று குறைவு என்றால் எக்ஸாஸ்ட் சூடு ஏறாமல் என்ன செய்யும்?

இழுவை குறைந்தது ஒரு பக்கம். எனக்கு அதைவிடக் கவலை உங்கள் எக்ஸாஸ்ட் வால்வுகள். 40 மி.மீ. விட்டமுள்ள வால்வின் பரப்பு சுமார் 12.5 சதுர செ.மீ. இன்டேக் ஸ்ட்ரோக்கில் அது மூடியிருக்கும். உள்ளே 2 பார் பூஸ்ட், முதுகுப்பக்கம் 4 பார் டிரைவ் என்றால், வித்தியாசம் 2 பார். அந்தப் பரப்பில் அது ஏறக்குறைய 25 கிலோ எடைக்குச் சமம். அத்தனையும் வால்வைத் திறக்கும் திசையில் தள்ளுகிறது. தடுத்து நிற்பது ஸ்பிரிங் மட்டுமே. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு இருக்கையை விட்டு எழும்பும். புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டிகளில் அந்த அழுத்தத்துக்கு உச்சவரம்பு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிரைவ் பிரஷரை எதிரியாகவே பார்க்கவும் வேண்டாம். ஈஜிஆர் (புகையில் கொஞ்சத்தை மீண்டும் இன்ஜினுக்கே அனுப்பும் அமைப்பு) உள்ள பல இன்ஜின்களில் டர்பைனுக்கு முன்னாலிருந்துதான் புகையை எடுத்து இன்டேக்குக்கு அனுப்புகிறார்கள். அங்கே டிரைவ், பூஸ்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இல்லாவிட்டால் புகை அந்தப் பக்கம் போகவே போகாது. 1905-இல் டர்போவுக்குக் காப்புரிமை வாங்கிய சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி, 1925-இல் மேனிஃபோல்டைப் பிரித்து அமைக்கும் முறைக்கு வந்ததும் இந்த அழுத்தத்தோடு மல்லுக்கட்டித்தான். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கணத்தில் எக்ஸாஸ்ட் பக்கம் அழுத்தம் இறங்கியிருந்தால் புதுக் காற்று புகையைக் கழுவித் தள்ளும் என்று அவர் கண்டுகொண்டார்.

எவ்வளவு இருக்கலாம்? இத்துறையில் வேலை செய்பவர்கள் முழு லோடில் டிரைவும் பூஸ்டும் 1:1-ஐ ஒட்டி இருந்தால் அருமை என்பார்கள். 1.5:1 வரை பொறுத்துக்கொள்வார்கள், 2:1 வந்தால் டர்போவை மாற்றச் சொல்வார்கள். இது கேஜில் காட்டும் எண்ணை வைத்துச் சொல்லும் கைக்கணக்கு.

ஆனால் எண் ஏறினால் உடனே ஹவுசிங்கைக் குற்றம் சொல்லிவிடக்கூடாது. டர்பைனைச் சுற்றியுள்ள இதழ்கள் தானாக நகர்ந்து புகை வழியைக் குறுக்கும் வகை டர்போ உள்ள ஒரு இன்ஜினைப் பார்த்தேன். பூஸ்ட் சரியாக இருந்தது, இழுவை இல்லை. டிரைவ் பிரஷர் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளிப்பைத் தடவினேன், விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. அடிப்பக்கம் ஒரு கீறல். ஒழுகும் காற்றை ஈடுகட்ட கன்ட்ரோலர் இதழ்களை மேலும் மேலும் மூடிக்கொண்டிருந்தது. பூஸ்ட் கேஜ் மட்டும் இருந்தால் அது கடைசிவரை தெரிந்திருக்காது. அப்புறம், டர்பைனுக்குப் பின்னால் உள்ள அடைப்பையும் பாருங்கள். டர்பைன் 2:1 விகிதத்தில் வேலை செய்யும்போது சைலன்சர் பக்கம் 0.2 பார் கூடினால், அதே வேலைக்கு முன்பக்கம் 0.4 பார் கூடும்.

அளப்பது கஷ்டமில்லை. டர்போவைக் கழற்றி வைத்துவிட்டு, மேனிஃபோல்டில் டர்பைனுக்கு முன்னால் துளையிடுங்கள். இரும்புத்தூள் ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. ஸ்டீல் குழாயைச் சில சுற்றுச் சுருட்டி, சூடு ஆறியபின் கேஜுக்கு எடுங்கள். ரப்பர் குழாயை நேராக மாட்டினால் உருகிவிடும். முள் துடிக்கும், நடுவில் ஒரு ஊசி வால்வு வைத்துத் திருகினால் அடங்கும். கரி அடைத்துக்கொள்ளும் என்பதால் அவ்வப்போது ஊதி விடுங்கள்.

நிற்கும் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்ப்பதில் பலன் இல்லை. முதலில் ஹோஸ்களைச் சோதியுங்கள், பிறகு முழுச் சுமையோடு ஏற்றத்தில் 2000, 2500, 3000 ஆர்பிஎம்மில் இரண்டு கேஜையும் ஒரே நேரத்தில் பார்த்து, பக்கத்தில் இருப்பவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஆறு எண்களையும் எக்ஸாஸ்ட் சூட்டையும் எனக்கு அனுப்புங்கள். அதுவரை மேல் ஆர்பிஎம்மில் வண்டியை விரட்ட வேண்டாம்.